இல்லாத வேலி

இக்கதையைக் கேட்பவர் முதலில் நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாதை. மேற்கு மலையின் அடிவாரத்தில் ஓடைக்கரை மடம் என்றொரு மடம் இருந்தது. மடத்து ஆட்டுப்பட்டியிலிருந்து மேய்ச்சல் காட்டுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை சென்றது. அப்பாதையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஆடுகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குத் தாவின. தாவுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு காலத்தில் முள்வேலி இருந்தது. அதை அகற்றி இருபது ஆண்டுகள் ஆயின. வேலியைக் கண்ட ஆடு ஒன்றுகூட இப்போது உயிருடன் இல்லை.

இரண்டாவது, பாத்திரங்கள். மடத்திலிருந்து அரைநாள் நடைத் தொலைவில் ஓர் ஊர்; அவ்வூரில் ஒரு வீடு. மற்ற வீட்டார் தம் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பார்கள். இவ்வீட்டார் வெட்டுவதில்லை. கலியாணப் பந்தலுக்கு இரவல் போன அண்டாவும் குவளையும், நெளிவைப் பார்த்தே அடையாளம் காணப்பட்டு, தவறாமல் வீடு வந்து சேர்ந்தன. அவ்வீட்டு ஆண்களுக்குச் சினம் வரும்போது கீழுதட்டைப் பல்லால் கவ்வுவார்கள். இடக்கை தோளுக்கு மேலே உயரும். கையில் இருப்பது பறக்கும். பாட்டனார் அப்படி. தந்தை அப்படி. பிள்ளைகள் மூவரும் அப்படி.

மூன்றாவது, பெயர். அப்பகுதியில், பிறந்த குழந்தையைத் தந்தை மடியில் வைத்து வலக்காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். தந்தை வரவில்லையென்றால் தந்தையின் மூத்த சகோதரர் சொல்வார். யார் சொன்னாரோ அவருடைய வீட்டில்தான் அக்குழந்தை வளரும். பதினாறாம் நாளில் சொல்வது வழக்கம். ஐந்தாம் மாதத்துக்கு மேல் தள்ளிப்போட வழக்கம் இடம் தருவதில்லை.

நான்காவது சிறியது. ஓடைக்கரை மடத்தில் காவி பெற்றவர் தம் வீட்டு வாசலை மறுபடி மிதிக்கலாகாது.

*

"தாயே, கோபம் குருதியில் வருகிறது. அதை நிறுத்த வேண்டும்."

இவ்வாறு கேட்டவர் திருமலைக்கொழுந்து. வயது நாற்பத்தாறு. நெளிந்த பாத்திரங்களின் வீட்டில் கடைசி மகன்.

கேட்டது மடத்தின் தலைவி வடிவம்மையிடம். அவருக்கு முப்பத்து மூன்று வயது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதை நிறுத்த வேண்டும்?"

"குருதியை."

வடிவம்மை கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நடந்ததைச் சொல்லும்படி கேட்டார்.

திருமலைக்கொழுந்து சொன்னார். தை மாதத்தில் ஒரு நாள் மோரில் உப்பு இல்லை. கையில் பித்தளைச் செம்பு இருந்தது. செம்பு பறந்தது. மனைவி சண்பகத்தின் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் பட்டு விழுந்தது. சண்பகத்துக்கு அப்போது எட்டாம் மாதம். அவர் அழவில்லை. குனிந்து செம்பை எடுத்து, நெளிவைத் தடவிப் பார்த்து, மாடத்தில் வைத்தார்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. திருமலைக்கொழுந்து அறையின் வாசலில் நின்று பார்த்தார். குழந்தை உறக்கத்தில் கீழுதட்டைக் கவ்வியிருந்தது.

"பல்லே இல்லை, தாயே. வெறும் ஈறால் கவ்வியிருக்கிறாள்."

அவர் குழந்தையைத் தூக்கவில்லை. ஆறாம் நாள் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்துவிட்டார். காவி வாங்கிக்கொண்டால் இனிப் பிள்ளை பிறக்காது. தம் பங்குக் குருதியாவது தம்மோடு நிற்கும் என்பது அவருடைய முடிவு.

வடிவம்மை கையை நீட்டினார். திருமலைக்கொழுந்து செம்பைக் கொடுத்தார். வடிவம்மை நெளிவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் சரியாகப் பொருந்தியது.

"பிறகு மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டீரா?"

"அன்று மோரே குடிக்கவில்லை."

"ஆனி உத்திரத்தன்று காலையில் காவி தருகிறேன். அதுவரை ஆடுகளோடு போம்."

*

மடத்து ஆடுகளை மேய்த்தவர் மாடத்தி. முப்பது ஆடுகளையும் பெயர் சொல்லி அழைப்பார். முப்பதையும் பெயர் சொல்லியே திட்டுவார். மந்தையின் முன்னே எப்போதும் செல்வது மூளி என்ற கிழ ஆடு. நாய் கடித்து அதற்கு ஒரு காது போயிருந்தது.

முதல் நாள் காலையில் மூளி இரண்டு பாறைகளுக்கு நடுவே வந்தது. தாவியது. பின்னால் வந்த ஒவ்வோர் ஆடும் அதே இடத்தில், அதே உயரத்துக்குத் தாவியது.

திருமலைக்கொழுந்து தரையைக் குனிந்து பார்த்தார். புல்லும் புழுதியும் இருந்தன.

எதைத் தாவுகின்றன என்று மாடத்தியிடம் கேட்டார். மாடத்தி பழைய வேலியின் செய்தியைச் சொன்னார்.

"இல்லாத வேலிக்கு என்ன மரியாதை?" என்றார் திருமலைக்கொழுந்து.

"எங்க ஊர்த் தலையாரி செத்து எட்டு வருசமாச்சு, அண்ணாச்சி. அவர் வீட்டைத் தாண்டும்போது இன்னமும் எல்லாரும் துண்டை இறக்கித்தான் போறாங்க. ஆட்டை மட்டும் கேக்க வந்துட்டீக."

திருமலைக்கொழுந்து சிரிக்கவில்லை. அன்று மாலை மடத்துக்கு விரைந்து வந்தார். தாம் சொன்னதற்குச் சான்று கிடைத்துவிட்டது என்றார். வேலியைக் காணாத ஆடுகள் வேலியைத் தாவுகின்றன. பாட்டி ஆட்டின் அச்சம் பேத்தி ஆட்டின் காலில் இருக்கிறது. குருதியைத் தவிர வேறு வழியாக அது வந்திருக்க முடியாது.

வடிவம்மை மறுநாள் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து ஓர் ஆட்டை இரவல் வாங்கிவரச் செய்தார். செந்நிற ஆடு. அதைச் செவலை என்று அழைத்தார்கள்.

*

முதல் நாள் செவலை பாறைகளுக்கு நடுவே நடந்தே கடந்தது.

இரண்டாம் நாளும் நடந்தது. முன்னால் போன ஆட்டின் பின்னங்கால் முகத்தில் இடித்தது.

நான்காம் நாள் தயங்கி நின்றது.

ஆறாம் நாள் தாவியது.

திருமலைக்கொழுந்து இதையும் வந்து சொன்னார். மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

"செவலைக்கும் மூளிக்கும் என்ன உறவு?" என்று வடிவம்மை கேட்டார்.

"உறவில்லை."

"குருதி எவ்வழியாக வந்தது?"

திருமலைக்கொழுந்து அன்றிரவு முழுவதும் எண்ணிப் பார்த்தார். காலையில் மறுப்புடன் வந்தார். ஆற்றுக்கு அப்பாலும் வேலிகள் உண்டு. செவலையின் முன்னோர் எந்த வேலியைத் தாவினவோ யாருக்குத் தெரியும்? குருதியில் உறங்கிக் கிடந்தது இங்கே விழித்திருக்கலாம். ஓர் ஆட்டைக் கொண்டு முடிவு கட்டுவது முறையன்று.

வடிவம்மை முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"முறையன்று. அதனால் மூளியின் குட்டி ஒன்றை எடும்."

*

மூளி அவ்வாரம் இரட்டைக் குட்டி ஈன்றிருந்தது. ஆண்குட்டி தாயிடம் இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பெண்குட்டியைத் திருமலைக்கொழுந்து எடுத்துக்கொண்டு, சுட்டி என்று அழைத்தார். மடத்தின் பின்புறக் குடிலில், வேறோர் ஆடும் கண்ணில் படாதபடி அதை வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பால் சங்கால் புகட்டப்பட்டது. ஒரு நாளைக்கு ஐந்து முறை. குட்டியை மடியில் கிடத்தி, தாடையைப் பிடித்து, சங்கின் முனையைக் கடைவாயில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். முதல் வாரத்தில் திருமலைக்கொழுந்தின் வேட்டி முழுவதும் பால். இரண்டாம் வாரத்தில் பாதி. மூன்றாம் வாரத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மாடத்தி குடிலின் வாசலில் நின்று பார்த்தார்.

"பெத்த புள்ளையத் தூக்காத கை, ஆட்டுக்குட்டியத் தாலாட்டுது. நல்ல காலம்."

"இதற்கு என் குருதி இல்லை, மாடத்தி. அதனால் அஞ்சாமல் தூக்கலாம்."

மாடத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குட்டி அவர் சேலை முனையைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டார். சேலையை மீட்டுக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் குட்டிக்கு இரண்டு மாதம் நிறைந்தது. நண்பகலில், மந்தை காட்டில் இருக்கும் நேரத்தில், திருமலைக்கொழுந்து அதைப் பாறைகளுக்கு அழைத்துச் சென்றார். வடிவம்மையும் உடன் வந்தார்.

சுட்டி பாறைகளுக்கு நடுவே நடந்தது. நடுவில் நின்றது. மந்தை முழுவதும் தாவிக் கடக்கும் அந்த இடத்தில் முளைத்திருந்த புல்லை நிதானமாகத் தின்றது.

திருமலைக்கொழுந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூளியின் குட்டி," என்றார். "மூளியின் குருதி. ஆனால் தாவவில்லை."

"தாவவில்லை."

"அப்படியென்றால் குருதியில் இல்லை. பார்வையில் இருக்கிறது. பார்க்காதது கற்காது."

"ஆம் போலிருக்கிறது."

"அப்படியென்றால் நான் வீட்டை விட்டு வந்தது சரி. என் மகள் என்னைப் பார்க்காமல் வளர்ந்தால் போதும். தாயே, உத்திரம்வரை காத்திருக்க வேண்டுமா? காவியை இன்றே கொடுங்கள்."

அவர் முகத்தில் மூன்று மாதங்களாக இல்லாத அமைதி இருந்தது. வடிவம்மை அந்த அமைதியைச் சிறிது நேரம் பார்த்தார்.

"உத்திரத்தன்று," என்றார்.

*

ஆனி பிறந்து இரண்டாம் நாள் மடத்தின் வாசலில் சண்பகம் வந்து நின்றார். இடுப்பில் குழந்தை. உள்ளே வரும்படி மாடத்தி அழைத்தார்.

"வேண்டாம்மா. உள்ளே வந்து எனக்கும் இந்த இடம் பிடிச்சுப்போனா புள்ளைக்கு யார் பால் கொடுக்கிறது?"

திருமலைக்கொழுந்து வந்தார். அவர் பின்னே சுட்டி வந்தது. அவர் நின்றதும் அவர் காலில் முதுகைத் தேய்த்து நின்றது.

சண்பகம் குட்டியைப் பார்த்தார். கணவரின் மடியில் காய்ந்திருந்த பால் கறையைப் பார்த்தார்.

"இதுக்குப் பேர் வச்சாச்சா?"

"சுட்டி."

"நல்ல பேரு. உங்க மகளை நாங்க 'ஏ புள்ள'ன்னு கூப்பிடுறோம். அதுக்கும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறா."

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். ஆனி உத்திரத்தோடு ஐந்தாம் மாதம் முடிகிறது. அன்று உச்சிப்பொழுதில் பெயர் சொல்லியாக வேண்டும். திருமலைக்கொழுந்தின் அண்ணன் பூதலிங்கம் தாமே சொல்வதாக ஊரறிய அறிவித்துவிட்டார். சொன்னால் குழந்தை அவர் வீட்டுக்குப் போகும். சண்பகமும் பின்னே போக வேண்டும். அவ்வீட்டில் பூதலிங்கமும் அவர் மகன்கள் ஐவரும்.

"ஆறு பேர். ஒருத்தர் வீசினா மத்தவங்க குனியப் பழகியிருக்காங்க. என் மகளும் பழகிக்குவா. இல்லேன்னா வீசப் பழகிக்குவா."

அவர் குழந்தையைக் கணவரிடம் நீட்டினார்.

திருமலைக்கொழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தாம் அருகில் இல்லாதிருப்பதே அவளுக்கு நல்லது என்றும், இதைத் தாம் சோதித்து அறிந்திருப்பதாகவும் சொன்னார். குட்டியைக் கூடச் சுட்டிக் காட்டினார்.

சண்பகம் முழுவதையும் கேட்டார். குழந்தையின் தலையை ஒருபக்கமாகத் திருப்பி வலக்காதை அவருக்குக் காட்டினார்.

"சரி. 'நான் வராம இருக்கிறதுதான் உனக்கு நல்லது'ன்னு அவ காதுல நீங்களே சொல்லிடுங்க. நான் போறேன்."

திருமலைக்கொழுந்து சொல்லவில்லை.

சண்பகம் நூறு எண்ணும் நேரம் நின்றார். பிறகு குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பார்த்தது.

*

அன்று மாலை வடிவம்மை சொன்னார்:

"நாளை முதல் சுட்டி மந்தையோடு போகட்டும்."

திருமலைக்கொழுந்து அதை எதிர்பார்த்திருந்தார். சுட்டியை மந்தையின் முன்னே நிறுத்தினார். தாவாத ஒன்று முன்னே நடந்தால் தாவுகின்றவை அதைப் பார்த்துத் திருந்தும் என்பது அவர் கணக்கு.

சுட்டி முன்னே நடந்தது. பாறைகளுக்கு நடுவே அமைதியாகக் கடந்தது.

மூளி அதன் பின்னே வந்தது. தாவியது. முப்பது ஆடுகளும் தாவின. சுட்டி எப்படிக் கடந்தது என்று ஓர் ஆடும் பார்க்கவில்லை. எல்லாம் மூளியைப் பார்த்திருந்தன.

இரண்டாம் நாள் சுட்டி மந்தையின் நடுவே தள்ளப்பட்டது.

மூன்றாம் நாள் பாறைக்கு முன்னே நின்று உடலைச் சிலிர்த்தது.

நான்காம் நாள் தாவியது. மூளி முழங்கால் உயரம் தாவும். சுட்டி இடுப்பு உயரம் தாவியது.

"அம்மைக்குத் தப்பாத புள்ள," என்றார் மாடத்தி. சொன்ன பிறகு திருமலைக்கொழுந்தின் முகத்தைப் பார்த்து, அதைச் சொல்லியிருக்க வேண்டாமென்று எண்ணினார்.

திருமலைக்கொழுந்து மடத்துக்கு வந்தபோது வடிவம்மை கிணற்றடியில் இருந்தார்.

"எத்தனை நாளில்?" என்று வடிவம்மை கேட்டார்.

"நான்கு. செவலைக்கு ஆறு நாள் ஆயிற்று."

"சுட்டிக்குத் தாவும் கால்களை யார் கொடுத்தது?"

திருமலைக்கொழுந்து எண்ணிச் சொன்னார்: "மூளி. குருதிவழி."

"தாவும் இடத்தை?"

"மந்தை."

"நீர் எங்கே இருந்தீர்?"

"பின்னால். கையைக் கட்டிக்கொண்டு."

வடிவம்மை குடத்தை இடுப்பில் எடுத்தார். அவர் நான்கடி போன பிறகு திருமலைக்கொழுந்து அழைத்தார்.

"தாயே, அங்கே ஆறு பேர் இருக்கிறார்கள்."

வடிவம்மை நின்றார்.

"காவி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒன்று கேட்கிறேன். தாவாமல் இருக்க மந்தைக்கு யார் கற்றுத்தர முடியும்? தாவாத சுட்டியால் முடியவில்லை. பிறகு யார்?"

வடிவம்மை பட்டிக்குச் சென்றார். ஒரு கயிற்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அது மூளியின் கயிறு.

*

உத்திரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

முதல் நாள் மூளி பாறைக்கு முன்னே வந்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு தாவியது. திருமலைக்கொழுந்து முகம்குப்புற விழுந்தார்.

இரண்டாம் நாள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். மூளி தாவியது. அதன் கொம்பு அவர் விலாவில் பட்டது.

மூன்றாம் நாள் மாடத்தி ஒரு மருந்தெண்ணெயும் ஓர் அறிவுரையும் கொண்டுவந்தார். எண்ணெயை அவர் ஏற்றுக்கொண்டார்.

ஏழாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. அன்று மட்டும் பதினொரு முறை மூளியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். பதினொரு முறையும் அது தாவியது. பன்னிரண்டாம் முறை கயிறு அவர் வலக்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தோல் உரிந்தது.

இடக்கையில் செம்பு இருந்தது. மூளிக்குக் காட்டுவதற்காக அதில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.

அவர் கீழுதட்டைக் கவ்வினார். இடக்கை தோளுக்கு மேலே உயர்ந்தது.

மூளி அவரைப் பார்த்து நின்றது. அதன் பின்னே மந்தை நின்றது. மந்தைக்கு முன்னே வந்து சுட்டி நின்றது. மாடத்தி பாறையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மேலேயே இருந்தது. செம்பிலிருந்த தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழிந்து முழுவதும் தீர்ந்தது.

பிறகு அவர் குனிந்து செம்பைத் தரையில் வைத்தார். ஓசை எழவில்லை.

வைத்த பின்புதான் தம் தோள் முதல் மணிக்கட்டு வரை நடுங்குவதைக் கண்டார். மூளியின் முன்னங்கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. 

பிறகு அவர் கயிற்றை எடுத்தார்.

பதினோராம் நாள் மாலை மூளி பாறைக்கு முன்னே வந்து நின்றது. நடுங்கியது. முன்னங்காலைத் தூக்கியது, தாவுவதற்குத் தூக்கிய அதே காலைத் தரையில் வைத்தது. அடுத்த காலை வைத்தது. கடந்தது.

சுட்டி அதன் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்து கடந்தது.

மூன்றாவதாக வந்த ஆடு தாவியது. நான்காவது நடந்தது.

*

"ஏழாம் நாள் சினம் வரவில்லையா?" என்று வடிவம்மை அன்று மாலை கேட்டார். மாடத்தி சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

"வந்தது."

"குறைவாகவா?"

"எப்போதும் வருகிற அளவுதான், தாயே. மோருக்கு வந்ததும் அதுதான். ஒரு சிறிதும் குறையவில்லை."

"பிறகு?"

"செம்பைக் கீழே வைத்தேன்."

"யார் பார்த்தது?"

"மாடத்தி பார்த்தாள். மூளி பார்த்தது. சுட்டி..."



வடிவம்மை எழுந்து விளக்கேற்றப் போனார்.

*

ஆனி உத்திரத்தன்று விடியற்காலையில் வடிவம்மை மடத்து முற்றத்தில் நின்றார். அவர் கையில் மடித்த காவி இருந்தது. முந்தின நாள் தோய்த்து உலர்த்தியது.

திருமலைக்கொழுந்து குளித்து வந்து முன்னே நின்றார். கையில் செம்பு மட்டும் இருந்தது.

"தாயே, காவி பெற்றால் இவ்வச்சம் என்னை விட்டுப் போகுமா?"

"போகலாம்."

"பெறாமல் என் வீட்டுக்குப் போனால்?"

"உடன் வரும்."

அவர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது காவிக்காகக் கை நீட்டவில்லை. உச்சிப்பொழுதுக்குள் ஊர் போய்ச் சேர முடியுமா என்று கேட்டார்.

வடிவம்மை கிழக்கே பார்த்தார். பதில் பட்டியின் பக்கமிருந்து வந்தது.

"இப்பவே கிளம்பினா போயிடலாம்," என்றார் மாடத்தி. "நடந்தே போங்க, அண்ணாச்சி. தாவ வேண்டாம்."

*

பின்னர் உறுதிப்பட்ட செய்திகள் இவை.

திருமலைக்கொழுந்து உச்சிப்பொழுதில் ஊர் சேர்ந்தார். குழந்தை பூதலிங்கத்தின் மடியில் இருந்தது. பூதலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். பெயர் இன்னும் சொல்லப்படவில்லை.

"சாமியாருக்கு இங்க என்ன சோலி?" என்று பூதலிங்கம் கேட்டார். திருமலைக்கொழுந்து கீழுதட்டைக் கவ்வினார், இடக்கை உயர்ந்தது. கூடியிருந்தவர்கள் பழக்கப்படி விலகிச் சுவரோரம் குனிந்தார்கள். சண்பகம் குனியவில்லை. செம்பு பறக்கவில்லை.

குழந்தையின் பெயர் குழல்வாய்மொழி. மூன்று முறையும் சொன்னவர் தந்தை.

அவருடைய சினம் குறைந்ததாகச் சண்பகம் ஒருநாளும் சொன்னதில்லை. மோரில் உப்புப் போடும் வேலையை அவரிடமே விட்டுவிட்டதாக மட்டும் சொன்னார்.

அந்தச் செம்பில் பின்னாளில் இன்னொரு நெளிவு விழுந்தது. கிணற்றடியில் கை தவறி விழுந்ததாகத் திருமலைக்கொழுந்து சொன்னார். அண்டை வீட்டார் நம்பவில்லை. சண்பகம் நேரில் கண்டதாகச் சான்று சொன்ன பிறகு நம்பினார்கள்.

பூதலிங்கத்தின் வீட்டுப் பாத்திரங்களில் மாற்றம் எதுவும் இல்லை.

மூளி அடுத்த தை மாதத்தில் இறந்தது. இறக்கும் வரையில் அவ்விடத்தில் நின்று, நடுங்கி, நடந்தே கடந்தது. செவலை திருப்பி அனுப்பப்பட்டது. அது தன் ஊரில், வேலியே இல்லாத ஒரு வரப்பில் தாவுவதாகத் தகவல் வந்தது.

சுட்டியின் குட்டிகள் தாவவில்லை. நடுங்கவுமில்லை. ஆனால் அவ்விரண்டு பாறைகளுக்கு முன்னே ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தன. எதற்காக நிற்கின்றன என்று மாடத்தியாலும் சொல்ல முடியவில்லை.

குழல்வாய்மொழிக்கு நான்கு வயதானபோது, ஒருநாள், கேட்ட வெல்லம் கிடைக்கவில்லை. அவள் கீழுதட்டைக் கவ்வினாள். இடக்கை தோளுக்கு மேலே உயர்ந்தது. கையில் குவளை இருந்தது. அன்று பூதலிங்கம் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்; அவர் சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டுப் புள்ள," என்றார்.

குவளையிலிருந்த தண்ணீர் அவள் முழங்கை வழியாக முழுவதும் வழிந்தது.

பிறகு அவள் குனிந்து குவளையைத் தரையில் வைத்தாள். ஓசை எழவில்லை.